ஓடை தாண்டிய முறைக்காய்ச்சல்

எல்லை பிரித்த வருஷம் எங்கள் ஊர் ஓரடி நகராமல் சென்னை ராஜ்யத்திலிருந்து ஆந்திராவுக்குப் போயிற்று. பிச்சாட்டூர் பக்கத்தில் ஓடைக்கு இந்தக் கரையில் நாங்கள். அந்தக் கரையில் அம்மாவின் தம்பி வீடு. மாமா பழைய ராஜ்யத்திலேயே தங்கிவிட்டார். தீபாவளி கழிந்து தங்கைக்குக் காய்ச்சல் வரும்வரை யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுக்கு ஐந்து வயது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், பகல் பதினோரு மணிக்கு, இரண்டு கம்பளிக்கு அடியிலும் பல் கிட்டி நடுங்குவாள். மாலையில் வேர்த்து ஊற்றியதும் எழுந்து விளையாடப் போவாள். கடிகாரம் இல்லாத வீட்டில் காய்ச்சல் எப்படி மணி பார்க்கிறது என்பதே என் ஆச்சரியம். நாலாவது நடுக்கத்துக்குப் பிறகு அவள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. மழையில் புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி போகப் பாதை இல்லை.

மாத்திரை வைத்திருந்தவர் மலேரியாக்காரர் ஒருவர்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சைக்கிளில் வந்து, காய்ச்சல்காரர்களின் விரலைக் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்துப் போவார். எல்லை மாறியபின் ஓடையோடு திரும்பிவிடுவார். அம்மா ஓடைக்கரையில் அவரை மறித்தாள்.

"உங்க ஊரு என் நோட்டுல இல்லம்மா. ரத்தம் எடுத்தா எந்த நம்பர்ல எழுதறது?"

"போன மாசம் எழுதினியே, அதே நம்பர்ல எழுது."

"அந்தப் பக்கத்தக் கிழிச்சி சித்தூருக்கு அனுப்பிட்டாங்க. அங்கருந்து ஆளு வருவாரு."

"எப்போ?"

"அத அவங்கதான் சொல்லணும்."

முழுக்க விதிப்படியான பதில். பிற்காலத்தில் அதே வகை இலாகாவில் இருந்துகொண்டு, இதைவிட மோசமான பதில்களை இதைவிட மரியாதையாக நானே சொல்லியிருக்கிறேன்.

நைனா, எங்கள் அப்பா, வழி கண்டுபிடித்தார். பிள்ளை நோட்டில் இல்லையென்றால், நோட்டில் இருக்கிற வீட்டில் பிள்ளையைக் கொண்டுபோய் வைத்துவிடுவது! மலேரியாக்காரர் அன்று வந்தது பக்கத்து ஊருக்கு; மாமா ஊருக்கு அவர் முறை வர இன்னும் எட்டு நாள் இருந்தது. அன்றே தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடையைக் கடந்தார். நானும் கூடப் போனேன். மாமாவுக்கும் அத்தைக்கும் பிறந்த மூன்று வயது மகன் படுக்கும் கயிற்றுக் கட்டிலிலேயே அவளும் படுத்தாள். பொழுது போகாமல் இருவர் காலிலும் கொசு கடித்த தடிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் மலேரியாக்காரர் வந்தார்.

"இது யாரு? போன தபா இல்லியே."

"எம் பொண்ணுதான் சார்," என்றார் மாமா.

"அஞ்சு வயசு இருக்கும் போலகீதே. பதினஞ்சு நாளுக்குள்ள பெத்து வளத்துட்டியா?"

அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே விரலைக் குத்தினார். நோட்டில் மாமா வீட்டு நம்பரையே எழுதிக்கொண்டார். மாத்திரையைப் பொடித்து வெல்லத்தோடு தானே ஊட்டினார். மூன்றாம் நாள் தங்கை சோறு கேட்டாள். கண்ணாடித் துண்டில் மலேரியா இருப்பதாகப் பிறகு தகவல் வந்தது. காய்ச்சலே வராத மாமா வீடு நோட்டில் காய்ச்சல் வீடானது. இந்தச் சாமர்த்தியத்தைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் அத்தை மகனுக்கு நடுக்கம் கண்டது. நோட்டில் எழுதிய பொய் ஒரு மாதத்துக்குள் உண்மையாகிவிட்டது. பிள்ளை பிழைத்தான், ஆனால் மண்ணீரல் வீங்கி வயிற்றில் விழுந்த கட்டி கரைய ஒரு வருஷமாயிற்று.

பார்க்கப் போன எங்களை அத்தை வாசலிலேயே நிறுத்தினாள்.

"உங்க பொண்ணு காய்ச்சல எங்க ஊட்ல வச்சிட்டுப் பூட்டா அண்ணி."

"காய்ச்சல் இன்னா சொம்பா, மறந்து வச்சிட்டு வர்றதுக்கு?" என்றாள் அம்மா.

மாமாவே சிரித்துவிட்டார். எட்டாவது வரை படித்த நைனா, காய்ச்சல் அப்படியெல்லாம் ஆள் மாறாது என்று பொறுமையாக விளக்கினார். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். அதன்பின் அத்தை எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

பல வருஷம் கழித்து, வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருப்பதியில் பயிற்சி. காய்ச்சல்காரனின் ரத்தத்திலுள்ள கிருமி கொசுவுக்குள் போய், அங்கே பத்துப் பன்னிரண்டு நாள் முற்றி, அடுத்த ஆளுக்குள் இறங்குவதை ஆசிரியர் கரும்பலகையில் தெலுங்கில் விளக்கிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். அத்தை சொன்னதற்கும் இந்தப் பாடத்துக்கும் இடையில் ஒரு கொசுதான் குறைந்தது. மற்றதெல்லாம் அன்று அந்த வாசலில் நின்று அவள் சரியாகவே சொல்லியிருந்தாள்.