கதவுக்கு வெளியே ஒச்சம்மாள்

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல, எனக்கே நடந்தது. "மாத்திரையை விட்ட கிறுக்கில் எதையாவது பார்த்திருப்பாய்" என்று சொல்ல நினைப்பவர்கள் முழுவதையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள். பாதியில் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

1957, ஐப்பசி மாதம். என் பெயர் வீரணன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் வேலை பார்த்தேன். ஸ்டோர் என்பது பச்சை ஏலக்காயை உலர்த்தும் கட்டிடம். ஜன்னல் கிடையாது. முன்னறையில் பெரிய அடுப்பு எரியும். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாகக் காய் பரப்பிய அறைக்குப் போகும். சூடு இறங்கினால் காயின் பச்சை போய்விடும், முதலாளி என் தோலை உரித்துவிடுவார். அதனால் அடுப்பை விட்டு நகர முடியாது.

முந்தின வருஷம் நான் வந்த ஜீப்பு போடிமெட்டு வளைவில் கவிழ்ந்தது. யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு நெஞ்சுப் படபடப்பு. படுத்தால் தூக்கமில்லை. போடியில் ஒரு டாக்டர் நரம்பு மாத்திரை கொடுத்தார். அடேயப்பா, அமிர்தம்தான் அது! ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பகலெல்லாம் சொக்கிக் கிடந்தேன். ஒரு நாள் என் மனைவி ஒச்சம்மாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். நான் சொக்கிவிட்டேன். ஒரு வயது மகள் தவழ்ந்து போய் அடுப்பில் கையை வைத்துவிட்டாள்.

ஒச்சம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மலைக்குக் கீழே போடி பக்கம் ராசிங்காபுரத்துக்கு, அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். கூப்பிடப் போன என்னை மாமனார் மொக்கச்சாமி வாசலிலேயே நிறுத்தினார்.

"மாத்திரைய விட்டுட்டு வாங்க மாப்ளே. அன்னைக்குக் கூட்டிட்டுப் போங்க."

டாக்டரிடம் ஓடினேன்.

"பட்டுனு நிறுத்திடாதப்பா, வலிப்பு வந்துரும். பிளேடால கீறிக் கொஞ்சங் கொஞ்சமாக் கொறை. கொறைக்கும்போது இல்லாதது கேக்கும், இல்லாதது தெரியும். எதையும் நம்பாத" என்றார்.

குறைத்தேன். கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. தோலுக்கடியில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. தூக்கம் மட்டும் வரவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்து, ஒரு நாளைக்குக் கால் மாத்திரை என்ற நிலைக்கு வந்தேன். அதையும் விட்டுவிட்டால் பிள்ளை என் மடிக்கு வந்துவிடும். எனக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

அன்று செவ்வாய்க்கிழமை. மூடுபனி சீக்கிரமே இறங்கியதால் ஆட்கள் தங்கள் லயத்து வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஸ்டோரில் நான் மட்டும்.

மணி ஐந்தே முக்கால்.

டொக்... டொக்.

விறகு வெடிக்கிறது என்று நினைத்தேன்.

டொக்... டொக்.

விறகில்லை. கதவு.

"மாமா... நாந்தான். கதவத் தொறங்க."

ஒச்சம்மாள்! நான் அவளுக்கு முறைமாமன், அப்படித்தான் கூப்பிடுவாள். சந்தோஷத்தில் ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. எங்கள் மலையில், மூடுபனியில் நடந்து வருகிறவர்கள் தூரத்திலேயே கூவுவார்கள். வருவது யானையில்லை, மனுஷன் என்று தெரிய வேண்டுமே. கேட்டவன் பதிலுக்குக் கூவ வேண்டும். ஒச்சம்மாள் மூன்று வருஷம் இந்த மலையில் இருந்தவள். ஏன் கூவாமல் வந்தாள்?

"புள்ளைக்குக் குளிருது மாமா..."

பிள்ளை அழுதது. என் மகளேதான்.

ஆனால் அந்த அழுகை... மூச்சு வாங்கவே இல்லை. ஒரே இழுவையாக இழுத்துக்கொண்டே இருந்தது.

கதவுக்கடியில் இரண்டு விரல் சந்து உண்டு. குனிந்து பார்த்தேன். இரண்டு பாதம் தெரிந்தது. வழியெல்லாம் முழங்கால் சேறு. பாதத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. ஈரமும் இல்லை.

"இல்லாதது தெரியும். நம்பாத."

டாக்டர் சொன்னதையே முணுமுணுத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. உண்மையிலேயே அவளாக இருந்தால்? பனியில் பிள்ளை செத்துப்போகுமே!

கூவிப் பார்க்கலாம். மனுஷி என்றால் பதில் கூவுவாள்.

"ஊஊ...ய்!"

அழுகை நின்றது.

கதவில் காதை வைத்தேன்.

பிறகு, கதவுப் பலகையை ஒட்டி...

"ஊஊ...ய்!"

அது ஒச்சம்மாள் குரலில்லை.

என் குரல்.

மறுபடி கூவியது. முதல் தடவை கொஞ்சம் பிசிறியது. இரண்டாம் தடவை பிசிறில்லை. மூன்றாம் தடவை... நானே கூவினேனா என்று வாயைத் தொட்டுப் பார்த்தேன்.

பாதங்கள் திரும்பின.

கூவல் தள்ளிப் போனது. போடி பக்கம் இறங்கும் பாதையில்.

விடிந்ததும் வேறொருவனிடம் அடுப்பை ஒப்படைத்துவிட்டு, கிடைத்த ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். ராசிங்காபுரம் போய்ச் சேர்ந்தபோது ஒச்சம்மாள் சிரித்த முகமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பக்கத்தில் விளையாடியது. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

"என்ன மாமா, மறுபடி வந்துட்டீக? வெள்ளிக்கிழமை வந்து எங்களக் கூட்டிட்டுப் போறேன்னுல்ல சொன்னீக?"

"நானா... எப்ப?"

"நல்லா இருக்கே! நேத்து வெளக்கு வைக்கிற நேரம் வாசல்ல நின்னு கூவுனீக. உங்க கூவல் எனக்குத் தெரியாதா? ஓடியாந்து தொறந்தேன். எங்கய்யா தோட்டத்துல தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருந்தாரு. சோறு வேணாம்னுட்டீக. புள்ளைய மட்டும் மடியில வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தீக. உங்க கை கூட நடுங்கல. நல்லாயிட்டீகன்னு நான் அழுதுட்டேன்."

சொல்லும்போதே என் கையைப் பார்த்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள்.

இரகசியமாக எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். மாமனாரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால், மாத்திரையை விட்டதில் புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்ணை அனுப்பவே மாட்டார். "மாத்திரையை விட்டாயிற்று, மதுரை மில்லில் வேலை கிடைத்திருக்கிறது, இன்றே போகவேண்டும்" என்று பொய் சொல்லி, அன்று சாயங்காலமே ரயிலேறிவிட்டோம். மதுரை செல்லூரில் ஒரு சந்துக்குள் வீடு பிடித்தோம். மாமனாருக்கு மட்டும் விலாசம் எழுதிப் போட்டோம்.

கடைசிக் கால் மாத்திரையையும் அங்கேதான் விட்டேன். தூக்கம் வந்தது. நடுக்கம் நின்றது. பிள்ளை என் நெஞ்சில் படுத்துத் தூங்கியது. தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

தை மாதம் மாமனார் எங்களைப் பார்க்க வந்தார். சாயங்காலம். கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பத்தான் மாப்ளே முகம் தெளிஞ்சிருக்கு. அப்ப ரொம்பப் பயந்துட்டேன்."

"எப்ப?"

"நெதமும் ராசிங்காபுரத்துல எங்க வாசல்ல வந்து நின்னீகளே. எம் பொண்டாட்டி புள்ள எங்க, எங்கன்னு எங்கிட்டயே கேட்டீக. மாத்திரை மயக்கம் இன்னும் தீரலன்னு நெனச்சேன். பாவமா இருந்துச்சு. போன வாரந்தான் தெருப்பேரு, சந்து, வீட்டு அடையாளம் எல்லாம் வெவரமாச் சொல்லி அனுப்பிச்சேன்."

ஒச்சம்மாள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள்.