தேயிலைக் கட்டையில் சிக்கிய வலை

ஒரு பொருளின் விலை கூடினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மீன்வலை வாங்கப் போன பிறகுதான் தெரிந்தது, காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆளுக்கொன்று கையில் வைத்திருக்கிறார்கள். ஒன்று தீர்ந்தால் அடுத்ததை எடுத்துக் கொடுக்கிறார்கள்.

நாங்கள் இருப்பது நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு தோட்டம். நான் கொழுந்து பறிக்கிறேன். வீட்டுக்காரர் பகலில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவார். சாயங்காலம் கீழே டேமில் வலையை விரித்துவிட்டு வந்து, விடிந்ததும் போய் எடுப்பார். வள்ளமெல்லாம் கிடையாது. லொறி டியூப்பில் ஒரு பலகையைக் கட்டி, அதில் குந்திக்கொண்டு கையால் துழாவிப் போவார். வலைக்கு மிதவையாகத் தேய்ந்த ரப்பர் செருப்பை வெட்டிக் கோத்திருப்பார். எங்கள் வீட்டில் அறுந்த செருப்பை யாரும் வெளியே எறிந்ததில்லை.

கிடைக்கிற மீன் நாங்கள் குடியிருக்கும் லயத்திலேயே விற்றுப்போகும். அந்தக் காசுதான் மகளின் பஸ்ஸுக்கும், ஹட்டனில் அவள் போகும் டியூஷன் கிளாஸுக்கும். தோட்டத்துச் சம்பளம் சோற்றோடு முடிந்துவிடும். அவளுக்கு அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. வலை ஓடினால் அவள் படிப்பும் ஓடும்.

பழைய வலை கிழிந்து, தைத்து, மறுபடி கிழிந்து, கடைசியில் வலையை விடத் தையல்தான் அதிகம் என்று ஆனது. புதிது வாங்க ஹட்டனுக்குப் போனோம். அங்கே எங்களுக்குப் பழக்கமான முஸ்லிம் நானா ஒருவரின் கடை. நல்ல மனிதர், போனதும் பால் விடாத பிளேன்டி வரவழைத்துக் கொடுப்பார். விலையைக் கேட்டதும் கொண்டுபோன காசை வீட்டுக்காரர் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"நாங்களா தம்பி கூட்டுற? டொலர் ஏறிப் போச்சி" என்றார் நானா.

திரும்பி வந்து மேலும் சில மாதங்கள் சேர்த்தோம். அதற்குள் டொலர் இறங்கிவிட்டதாக மகள் போனில் பார்த்துச் சொன்னாள். சந்தோஷமாகப் போனோம். "இது ஏறின நேரத்துல வாங்கின சரக்கு தம்பி" என்றார். ஏறும்போது அன்றைக்கே ஏறிய விலை இறங்கும்போது மட்டும் பழைய சரக்குக்காகக் காத்திருந்தது. அதற்கடுத்த முறை வரி. அதற்கடுத்த முறை எங்கேயோ சண்டை நடக்கிறதாம், கப்பல் சுற்றிக்கொண்டு வருகிறதாம். நைலோன் நூலை எண்ணெயிலிருந்து எடுக்கிறார்கள், எண்ணெய் விலை ஏறினால் நூலும் ஏறும் என்று ஒரு நாள் பொறுமையாக விளக்கினார். எல்லாமே உண்மையாகத்தான் இருக்கும். அவருக்குக் கொழும்பில் கூட்டுகிறார்கள், கொழும்புக்காரருக்குக் கப்பலில் கூட்டுகிறார்கள். எனக்கு வந்த எரிச்சலை யார் தலையில் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை. பிளேன்டி வாங்கிக் கொடுத்த மனிதரிடமா கோபித்துக்கொள்வது?

அந்த நாட்களில்தான் வீட்டுக்காரர் என்னிடம் கேட்காமல் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். அடுத்த தடவை விலை ஏறுவதற்குள் வலை வாங்கிவிட்டால், திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதாக. நான் சிரித்தேன். "ஆத்தாளுக்கு டொலர் கணக்கெல்லாம் தெரியுமாங்க?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் கம்மலையும் சேர்த்து அடகு வைத்து, எப்படியோ அந்த முறை வாங்கிவிட்டோம். பச்சை நிறத்தில், புது வாசனையோடு இருந்தது. மகள் அதை மடியில் போட்டுக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தாள்.

எங்கள் தோட்டத்தில் காப்புக் கட்டிவிட்டால், மஞ்சள் நீராட்டு முடியும்வரை யாரும் கவுச்சி தொடமாட்டோம். சமைக்க மாட்டோம், பிடிக்க மாட்டோம், வலையையும் தொடமாட்டோம். அதனால் காப்புக்கு முந்தின நாளே வலையைக் கரையேற்றி, கழுவி, மடித்துக் கட்டிவைப்பது வழக்கம். இந்த வருடமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். காப்புக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

ஆனால் தேர் எங்கள் தோட்டத்துடையது இல்லை. கொட்டகலைப் பக்கமிருந்து வாடகைக்கு வருவது. தேர்க்காரர் சொன்ன நாளில் வேறொரு தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். இந்த வாரம் எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்றார். கோயில் கமிட்டி கூடி, திருவிழாவை முன்னால் இழுத்துப் போட்டது. பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வரும்போது தப்பு அடித்துக்கொண்டு வருகிறார்கள், இன்றைக்கு அந்திக்கே காப்பு என்று.

வலை தண்ணீரில் இருந்தது. அன்று விடியற்காலையில் எடுக்கப் போனவர் வெறும் கையோடு திரும்பியிருந்தார். காற்று அப்படி. டியூப்பைக் கரைக்கே திருப்பித் தள்ளியதாம். சாயங்காலம் எடுக்கலாம் என்று வேலைக்குப் போய்விட்டார். தப்புச் சத்தம் கேட்டதும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார். நானும் கொழுந்துக் கூடையோடு பின்னால் ஓடினேன். காற்று அடங்கவே இல்லை. இரண்டு தரம் டியூப்பில் ஏறினார். இரண்டு தரமும் கவிழ்ந்தது. செருப்புத் துண்டுகள் தூரத்தில் ஆடுவது எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இந்த வருசம் காப்பு கட்டாதீங்க" என்றேன். "அடுத்த வருசம் சேத்துச் செய்யலாம். கையில கயிறு இல்லாட்டி காத்து நின்னதும் வலைய எடுத்துரலாம். ஆத்தா கோவிச்சுக்க மாட்டா."

"வலைக்காகத்தானே புள்ள நேந்தேன். அந்த வலைக்காகவே கட்டாம விட்டா எப்புடி?"

ஈரச் சட்டையோடு கோயிலுக்குப் போய்க் கையை நீட்டினார். பூசாரி மஞ்சள் கயிற்றைக் கட்டினார். காற்று விட்டால் வலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா, மீனை அப்படியே தண்ணீரில் விட்டுவிடுகிறேன் என்று இவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சட்டி எடுக்கப் போற கைப்பா அது" என்றார் பூசாரி. குரலில் கோபமில்லை. பாவம் பார்த்துத்தான் சொன்னார்.

அக்கரையில் சிங்களக் கிராமத்து ஐயா ஒருவர் இருக்கிறார். அவரும் மீன் பிடிக்கிறவர். அவருக்குக் காப்பும் இல்லை, விரதமும் இல்லை. அவருக்குப் போன் எடுத்தோம். கண்டியில் தன் மகள் வீட்டுக்கு வந்திருப்பதாகவும், திரும்பி வந்ததும் எடுத்துத் தருவதாகவும் சொன்னார். காத்திருந்தோம். காற்று நின்றது. ஆனால் டேமில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. மழையில்லாத காலத்தில் கரண்டுக்குத் தண்ணீரை இழுத்தால் நாளுக்கு நாள் கரை கீழே போகும். அணை கட்டுவதற்கு முன் அந்த இடமும் தேயிலை மலைதான். தண்ணீருக்கடியில் இன்னும் கட்டை கட்டையாகத் தேயிலைச் செடிகள் நிற்கின்றன. தண்ணீர் இறங்க இறங்க, வலை அந்தக் கட்டைகளின் மேல் போய் உட்கார்ந்தது. லயத்தில் மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கோயிலுக்குப் போகிற சாக்கில் வளைவில் நின்று கீழே எட்டிப் பார்ப்பேன். கறுத்த கட்டைகளுக்கு நடுவே பச்சையாக அது தெரியும். காக்கைகள் வந்து செத்த மீனைக் கொத்தி இழுத்துக்கொண்டிருந்தன. இறங்கிப் போய்ச் சூ என்று விரட்டக்கூட எனக்கு வழியில்லை.

அந்த ஐயா தேரன்று வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், முழங்கால் சேற்றில் இறங்கி ஒவ்வொரு கட்டையாக அவிழ்க்கப் பார்த்தார். அவிழவில்லை. இழுத்தார், கிழிந்தது. கையில் வந்த துண்டுகளைச் சுருட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு, "மொனவா கரன்னத" என்றார். என்ன செய்ய முடியும் என்று அர்த்தம். நாங்களும் அதையேதான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்காரர் தீச்சட்டி எடுத்தார். ஒரு குறையும் வைக்கவில்லை.

காப்பை அவிழ்த்ததும் ஹட்டனுக்குப் போனோம். விலை மறுபடி ஏறியிருந்தது. நானா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பரவால்ல நானா" என்று இவர் தடுத்துவிட்டார். காரணம் கேட்கிற தெம்பும் எங்களுக்குப் போய்விட்டது. தூண்டில் முள்ளும் கொஞ்சம் நூலும் வாங்கினோம். முள்ளும் கூடித்தான் இருந்தது.

தூண்டிலில் எவ்வளவு வரும்? வந்த நாலைந்தைத் தட்டில் போட்டு வாசலில் வைத்தேன். விலையைக் கொஞ்சம் கூட்டினேன். பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா வந்தார். எங்களுக்கு எப்போதும் முதல் போணி அவர்தான்.

"என்னடி, கூட்டிட்ட? ஏன்?"

"நாங்களா கூட்டுறோம் அக்கா? ஹட்டன்ல கூட்டிட்டாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அது நானாவின் பேச்சு. அக்காவுக்கும் அதே தோட்டத்துச் சம்பளம்தான். அவர் போய் யாரிடம் கூட்டுவார்? எடுத்த இரண்டு மீனில் ஒன்றைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். சற்று யோசித்து மற்றதையும் வைத்தார். "இன்னிக்குப் பருப்பு இருக்குடி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் யூனிஃபோர்மோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே பள்ளிக்கூடம் போய்விட்டாள். சாயங்காலம் வந்து, புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, நான் இனிமே கிளாஸுக்குப் போகல."

"ஏன்?"

வர்த்தகம் படிக்கிற பிள்ளை. டொலரும் வரியும் கப்பலும் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை பேர் இத்தனை காரணம் சொன்ன வீட்டில் அவளும் ஒன்றைச் சொல்லியிருக்கலாம்.

"சும்மாதாம்மா" என்றாள்.

கிளாஸுக்குப் போ என்று சொல்ல வாயைத் திறந்தேன். தட்டில் மீன் விற்காமல் அப்படியே இருந்தது.