சீசனுக்கு ஒரு கிளாஸ்

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஜாவா நடத்துகிறேன். இப்போதெல்லாம் யாராவது பிழையில்லாத புரோகிராம் கொண்டுவந்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது. கேட்டால் எழுதித்தர எல்லார் போனிலும் ஏ.ஐ. இருக்கிறதே.

போன செமஸ்டரில் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றுக்கு ரூம் புக்கிங் எழுதச் சொல்லியிருந்தேன். சுரண்டையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் கொடுத்தது ரொம்பக் கச்சிதமாக இருந்தது. தமிழ் மீடியத்தில் படித்தவள், ஆப்ஜெக்ட் என்றால் என்ன என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். இவளாவது எழுதுவதாவது என்று நினைத்தேன். காப்பி என்றால் லேபில் பூஜ்யம், அடுத்து வரும் கம்பெனி இன்டர்வியூவிலும் உட்கார முடியாது. அதைச் சொல்லியே அவளைக் கூப்பிட்டேன்.

ஜாவாவில் ஒவ்வொன்றின் விவரத்தையும் தனித்தனிக் கட்டாக, கிளாஸாக எழுத வேண்டும். ரூமுக்கு ஒரு கிளாஸ், வருகிறவருக்கு ஒரு கிளாஸ், சரி. சீசனுக்கு எதற்குத் தனியாக? அதில் இருந்ததோ ஒரே கேள்வி: சீசன் இருக்கா, இல்லையா. ரூமுக்குள்ளேயே எழுதியிருக்கலாமே என்றேன்.

“ரூமுக்கு ரூம் தனித்தனியா சீசன் வருமா சார்? அருவில தண்ணி விழுந்தா எல்லாத்துக்கும் ஒரே சீசன்தான். வாடகை சொல்லுததுக்கு முன்னால ஒவ்வொரு ரூமும் அதுகிட்ட கேட்டுக்கிடும்.”

குற்றாலத்தில் சாரலோடு அருவி கொட்டும் மாதங்களுக்குத்தான் சீசன் என்று பேர். மற்ற மாதங்களுக்குப் பேரே கிடையாது. எது யாருக்குச் சொந்தம், யார் யாரிடம் கேட்க வேண்டும் என்பதுதான் இந்தப் பாடமே. விலங்கு, நாய், பூனை என்று புத்தக உதாரணம் சொல்லி நான் வருஷக்கணக்கில் நடத்தியும் யாருக்கும் ஏறாத விஷயம்.

அப்போதும் மனசு ஒப்பவில்லை. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவருக்கும் ஒரு கிளாஸ் என் கண் முன்னால் எழுது என்றேன். எழுதினாள். அவரும் கூலி சொல்லுமுன் சீசனிடம் கேட்டார். புரோகிராம் ஓடியது. ஏதோ தானம் கொடுக்கிறவன் மாதிரி மார்க் போட்டேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. “இங்கிலீஷ்ல நல்லாப் பேசுதவங்கள ஏன் சார் இப்படி உக்காரவச்சுக் கேக்கல?”

சுருக்கென்றது. முதல் பெஞ்சுக்காரன் ஒருவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு முழு மார்க் போட்டிருந்த புரோகிராமைத் திறந்தேன். அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அதிலும் சீசன் இருந்தது. மொத்தம் நாலு. நாலாவதில் குற்றாலத்தில் ஸ்னோ விழுந்துகொண்டிருந்தது.