மூட மறுத்த வால்வு

வென்டல் ஸ்ட்ரவுடுக்கு உட்காரத் தெரியாது. காப்பியை நின்றுகொண்டே குடிப்பான், முட்டையைச் சட்டியிலிருந்தே எடுத்துத் தின்பான். மேற்கு மாநிலங்கள் முழுக்கச் சுற்றிப் பாசன பம்பு ரிப்பேர் செய்தவன். ஓய்வு பெற்ற கையோடு வீட்டை விற்றுப் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினான். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் அதற்குள்ளேயே. மனைவி நடீனை ஏற்றிக்கொண்டு கிளம்பியவன் எந்த ஊரிலும் இரண்டு வாரம் தாண்டியதில்லை. சொந்த ஊர் எது என்று கேட்டால் கடைசியாகப் பெட்ரோல் போட்ட ஊரைச் சொல்வான்.

அப்பேர்ப்பட்டவன் இந்தக் குளிர்காலத்தில் அரிசோனாவில், எங்களைப் போன்றவர்கள் வண்டி வீட்டை நிறுத்தி வாழ்கிற பார்க்கில் மாட்டிக்கொண்டான். நடீனுக்கு இடுப்பில் ஆபரேஷன். நான் ஓபல், பக்கத்து இடத்துக்காரி. நான் குடியிருக்கும் டிரெய்லருக்குச் சக்கரமே கிடையாது, கழற்றி விற்றாயிற்று. தினமும் அந்த மனுஷன் பார்க்கை வலம் வந்ததைப் பார்த்து எனக்கே தலை சுற்றியது.

"ஒரு இடத்துல நில்லேன்யா, பாக்கறவ கண்ணு வலிக்குது!" என்று கத்துவேன். நிற்க மாட்டான்.

மார்ச்சில் வெயில் ஏறியதும் குளிருக்கு ஒதுங்கிய கூட்டம் வடக்கே கிளம்பியது. வென்டலும் நாள் குறித்தான். அதற்கு முந்தின நாள் நடீன் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

"என்னால இனிமே முடியாது ஓபல். வண்டி குலுங்கற குலுக்கல்ல உயிர் போகுது. இங்க எனக்கு நூலகம் இருக்கு, சீட்டாட ஆளு இருக்கு. அவன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"வாயத் தொறந்து சொல்லு. என் பின்னறை சும்மாதான் கெடக்கு, வந்து இரு."

தலையை ஆட்டினாள். ஆனால் அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை வென்டல் எல்லாவற்றையும் கட்டி முடித்தான். வண்டிக்கு அடியிலுள்ள கக்கூஸ் கழிவுத் தொட்டியின் வால்வை மூடி, பார்க்கின் சாக்கடையில் செருகியிருந்த குழாயைக் கழற்ற வேண்டியதுதான் பாக்கி. கைப்பிடியைத் தள்ளினான். அசையவில்லை. காலை வைத்து உதைத்தான். ம்ஹூம்.

"எவன்டா இதத் தொறந்தே விட்டது?" என்று அவன் போட்ட சத்தம் நெடுஞ்சாலை வரை கேட்டிருக்கும்.

வண்டியில் வாழ்கிறவர்களுக்கு இது அரிச்சுவடி. வால்வை மூடியே வைத்து, தொட்டி நிறைந்த பிறகு ஒரேயடியாகத் திறக்க வேண்டும். அப்போதுதான் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். திறந்தே விட்டால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும். மிச்சம் தங்கிக் காய்ந்து, வால்வுத் தகடு ஓடுகிற பள்ளத்தில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.

எதிர்ச் சாரி ராய்ஸ், துரு நீக்குகிற எண்ணெய் டப்பாவோடு ஓடி வந்தான்.

"அத அடிச்சே, கைய ஒடிச்சிடுவேன்! ரப்பர் ஊதிப் போயிடும்" என்று வென்டல் சீறினான்.

தண்ணீர் ஓடிவிடாமல் குழாயின் முனையைத் தூக்கிக் கட்டிவிட்டு, கக்கூஸ் வழியாக வாளி வாளியாகச் சுடுதண்ணீர் ஊற்றினான். ஊறட்டும் என்று விட வேண்டும். அவனா விடுவான்? ஊற்றுவதும் இழுப்பதுமாக நின்றதில், கைப்பிடி கம்பியோடு முறிந்து கையில் வந்தது. வேறு வழியில்லாமல் கையிருப்பில் வைத்திருந்த மாற்று வால்வை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தான். துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்றியபோது அவன் மேல் என்னென்ன விழுந்தது என்று சொல்ல மாட்டேன், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம்.

புது ரப்பருக்கு கிரீஸ் தடவிக்கொண்டே அடியிலிருந்து கேட்டான்: "நடீன், நீயா தொறந்து விட்ட?"

"ஆமா."

"மறந்துட்டியா?"

"மறக்கல. வீட்டுல இருக்கறவங்க யாராவது இத மூடி மூடித் தொறக்கறாங்களா? நான் இங்க வீட்டுல இருக்கற மாதிரிதான் இருந்தேன் வென்டல். நான் வரல. ஓபல் அறை தரேன்னுட்டா. நீ போ."

ஸ்பேனர் சத்தம் நின்றது. அவன் ஊர்ந்து வெளியே வந்தான், முகமெல்லாம் அசிங்கம்.

"அப்போ இத்தன வருஷம் ஜன்னலோரமா உக்காந்து வந்தியே, அது?"

"உன்கூட இருக்கத்தான் வந்தேன். ஊர் பாக்க இல்ல."

"இத நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? இந்த நாத்தத்துல நான் எதுக்குப் புரளணும்?"

மறுபடியும் அடியில் போய் மிச்ச போல்ட்டுகளை முடுக்கினான். புதுக் கைப்பிடி வெண்ணெய் மாதிரி ஓடியது. குளித்தான். அவளுடைய பெட்டிகளை என் வாசலில் இறக்கி வைத்தான். அவள் நெற்றியில் முத்தமிட்டான். போயே போய்விட்டான். கல்நெஞ்சக்காரன் என்று நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நடீன் புழுதி அடங்கும் வரை நின்றாள். அதற்கப்புறம் பார்க் வாசலில் எந்த வண்டி திரும்பினாலும் சீட்டைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பாள். எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பழைய வண்டி உறுமிக்கொண்டு வந்து என் இடத்தில் நின்றது. வென்டல் இறங்கினான்.

"தொட்டி நெறைஞ்சு போச்சு."

நடீன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "நெடுஞ்சாலையில பெட்ரோல் பங்குக்குப் பங்கு இதக் கொட்ட எடம் வெச்சிருக்கான். உனக்கு ஒண்ணும் கண்ணுல படலியா?"

"பட்டுது. எல்லா எடத்துலயும் நிறுத்தினேன். தொறக்கத்தான் மனசு வரல."

"பேச்சப் பாரு! ரெண்டு வாரம் சேத்து வெச்சு என் வாசல்ல வந்து கொட்றதுக்குப் பேரு பாசமா?" என்றாள். சொல்லிக்கொண்டே கையுறையை மாட்டிக்கொண்டு, அவன் எடுத்த கழிவுக் குழாயின் மறுமுனையைப் பிடிக்கப் போனாள்.