மடக்கு மேசை

மகன் கல்யாணமாகித் தனி வீடு போன பிறகு, ஜூரோங்கில் இருந்த பெரிய வீட்டை விற்றுவிட்டு நானும் மனைவியும் உட்லண்ட்ஸில் ஒரு பழைய இரண்டறை வீட்டுக்கு வந்தோம். சமையலறை எவ்வளவு சின்னது என்று பார்த்துவிட்டு அவள், தீபாவளிக்குத் தீபாவளி சிராங்கூன் ரோட்டில் வாங்கிச் சேர்த்த எவர்சில்வர் பாத்திரங்களில் பாதியைத் தங்கைக்குக் கொடுத்தாள்.

நான் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்தவன். இடம் பற்றவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அளக்கத் தெரியாதவர்கள் பேசுகிற பேச்சு அது. அரிசி டப்பாவைத் தொட்டிக்கு அடியில் தள்ளினேன். மூடிகளை அலமாரிக் கதவின் உள்பக்கம் மாட்டினேன். கிரைண்டரைச் சக்கரம் வைத்த பலகையில் ஏற்றினேன். சாப்பாட்டு மேசைக்குத்தான் வழியில்லை. கடைசியில் சுவரில் கீல் அடித்து ஒரு பலகையைப் பொருத்தினேன். வேண்டும்போது விரிக்கலாம், வேலை முடிந்ததும் சுவரோடு மடக்கிவிடலாம்.

"ஒரு ஸ்டூல் போதுங்க. நான் எப்பவும் அப்புறந்தானே சாப்பிடறேன்" என்றாள்.

உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்குப் பரிமாறுவாள், பிறகு மகனுக்கு. நாங்கள் எழுந்து கை கழுவியதும் அடுப்போரம் நின்றபடியே ஏதோ சாப்பிடுவாள். என்ன சாப்பிட்டாள் என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை. எங்கள் வீடுகளில் யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் மேசையை விரித்தால் அடுப்புக்கும் அதற்கும் நடுவே ஆள் நிற்க முடியாது. கழிவறைக்குப் போகும் வழியும் அடைபட்டுவிடும். எல்லாவற்றையும் முதலிலேயே மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாக வேண்டும். இன்னொரு ஸ்டூல் வாங்கினேன். முதல் சில நாட்கள் பேருந்தில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப்போகிறவள் மாதிரி நுனியில் உட்கார்ந்திருந்தாள். என் முழங்கால் இடித்தால் தன் காலை இழுத்துக்கொண்டாள். பிறகு பழகிவிட்டது. அப்பளத்தை நொறுக்கி ரசம் சாதத்தில் போட்டுப் பிசைவாள் என்பது அந்த மேசையில்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை மீன் குழம்பை அவள் பக்கம் நகர்த்தினேன். தலையை ஆட்டினாள்.

"எனக்கு மீன் ஆகாதுங்க. சின்ன வயசுலேருந்தே."

"வாராவாரம் ஆக்கறியே?"

"நீங்க சாப்பிடுவீங்கல்ல."

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. அவள் மீதா, என் மீதா என்று அன்று பிரித்துப் பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை கத்திரிக்காய் வாங்கி வந்தேன். அவள் சிரித்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் மிக நல்ல காலம் அதுதான். ஒரு வருஷம்கூட முழுசாக இருக்கவில்லை.

அவளுக்குத் தொண்டையில் கட்டி என்றார்கள். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மூக்கு வழியாக ஒரு குழாய். பால் போன்ற சத்துணவை அதில்தான் ஊற்ற வேண்டும். ஒரு வாய் தண்ணீர்கூட விழுங்கக் கூடாது. கழிவறைக்குச் சக்கர நாற்காலியில்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மேசையை மடக்கித் தாழ்ப்பாள் போட்டேன். நாற்காலி தாராளமாகப் போய்வந்தது.

வழி விடுவதற்காக மட்டும் மடக்கவில்லை. அவளுக்கு எதிரே உட்கார்ந்து நான் எப்படிச் சோற்றைப் பிசைவேன்? அவளுக்குப் பாலை ஊற்றிவிட்டு, மருந்து வாங்கப் போகிறேன் என்று கீழே இறங்கி, காப்பிக்கடையில் எதையாவது விழுங்கிவிட்டு வருவேன்.

ஒரு மத்தியானம் திரும்பி வந்ததும் கேட்டாள். குரல் காற்றாகத்தான் வரும், காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும்.

"மீ கோரெங் சாப்பிட்டீங்களா? வாடை வருது."

வறுத்த நூடுல்ஸ் தின்ற வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"அத ஏன் மடிச்சே வெச்சிருக்கீங்க?"

"நாற்காலி போக இடம் வேணும்ல."

"நாங்கூட என்னைத் தனியா விட்டுட்டுச் சாப்பிடத்தான் மடிச்சு வெச்சீங்கன்னு நெனச்சேன்."

கேலியாகத்தான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. மறுநாள் சோறு வடித்தேன். தெரிந்த அளவுக்கு ஒரு ரசம் வைத்தேன். மேசையை விரித்து, என் ஸ்டூலுக்கு எதிரே அவள் நாற்காலியை நிறுத்தினேன். முதலில் அவளுக்குப் பாலை ஊற்றினேன். பிறகு என் தட்டில் கை வைத்தேன். கண்ணீர் வந்து சோற்றில் விழுந்தது.

"அழாம சாப்பிடுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்குங்க" என்றாள்.

அதன் பிறகு இருந்த நாட்களெல்லாம் அப்படியே சாப்பிட்டேன். அவள் என் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சீக்கிரம் முடித்துவிட்டால் கோபித்துக்கொள்வாள். கழிவறைக்குப் போக வேண்டியிருந்தால் நான் எச்சில் கையோடு எழுந்து மேசையை மடக்கி, அவளைத் தள்ளிக்கொண்டு போய், திரும்பக் கொண்டுவந்து மறுபடி விரிப்பேன். இத்தனை அளந்து செய்தவனுக்கு இது தேவையா என்று அவள் கண்ணாலேயே கேட்பாள்.

கருமாதி முடிந்த மறுநாள் மகன் வந்து வீட்டை ஒழுங்குபடுத்தினான். சக்கர நாற்காலியையும் மருந்துப் பெட்டிகளையும் எடுத்துப்போனான். மேசையை அவனே மடக்கிவிட்டு, சமையலறை நடுவில் நின்று சுற்றிப் பார்த்தான்.

"இப்ப நல்லா இடம் இருக்கு லா, அப்பா" என்றான்.

பிள்ளை வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. இருக்கிறது என்றேன். அவ்வளவு இடத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.