சின்னவளும் பூக்காத கொடியும்

சின்னவளுக்கு நாற்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருடமாகக் கத்தரி பிடிக்கிறாள். பெண்களுக்கு முடி வெட்டும் கடையை நான்கு வருடமாகத் தனி ஆளாக நடத்துகிறாள். ஆனாலும் குடும்பத்தில் அவள் சின்னவள்தான். அக்கா, அதாவது பெரியவள், கணவரோடு வெளிநாடு போகும்போது கடையில் பாதிப் பங்கைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டாள். ஒரு கொடியை மட்டும் தங்கையின் தலையில் கட்டிவிட்டுப் போனாள். தன் வீட்டில் பதினோரு வருடமாக, வருடா வருடம் கொத்துக் கொத்தாகப் பூத்ததாம். என்ன கொடி என்று கேட்டதற்கு, பூ வந்தால் யாராவது சொல்வார்கள் என்றாளே தவிர, தனக்குத் தெரியாது என்று வாய் திறந்து சொல்லவில்லை.

பூ எங்கே வந்தது? ஜன்னலோரத் தொட்டியிலிருந்து கிளம்பி இரண்டாவது கண்ணாடியின் சட்டம் முழுக்க ஏறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். இலைகள் செருப்புத் தோல்போலத் தடித்து, பளபளவென்று இருந்தன. சின்னவள் அதற்குக் குறை வைத்ததே இல்லை. இலையைத் துடைப்பாள், உரம் வைப்பாள், கை சும்மா இருக்கும்போதெல்லாம் இலையில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் மொட்டைக் குச்சிகளை நறுக்கிவிடுவாள். நுனி பிளந்த முடியைக் கண்டாலே கை பரபரக்கிறவள், மொட்டைக் குச்சியை விட்டுவைப்பாளா?

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெரியவள் போனில் கேட்பாள், பூத்துதா என்று. கடை எப்படி ஓடுகிறது, உன் முட்டிவலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் ஒரு வார்த்தை கிடையாது. முதல் கேள்வியே பூதான். சின்னவளும் பார்க்காத ஆளில்லை. நர்சரிக்காரர் இலையைத் தடவிப் பார்த்துவிட்டு ஃபாரின் கொடி என்றார். அது அவளுக்கே தெரியாதா? பக்கத்துக் கடைக்காரர் மணி பிளான்ட் என்று அடித்துச் சொன்னார். செல்போன் செயலி மூன்று படத்துக்கு மூன்று பெயர் சொல்லிவிட்டு, வேறு கோணத்தில் எடுக்கச் சொன்னது. அன்றைக்குப் போனைத் தூக்கி எறியாததே பெரிய விஷயம்.

போன மாதம் பெரியவள் ஒரேயடியாகப் போட்டு உடைத்தாள்.

"ஒரு கொடியைப் பூக்க வைக்க முடியல உன்னால. கடையை என் கொழுந்தனார் பார்த்துக்கட்டும், நீ கூடமாட இரு."

கொடிக்கும் கடைக்கும் என்ன சம்பந்தம்? நான்கு வருடத்தில் ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்துப் போனதுண்டா? கொழுந்தனாருக்குச் சீப்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. அவர் தலையிலும் அதற்கு வேலையில்லை. அவரிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டுமாம். ஆனால் பாதிப் பங்கு அக்காவுடையது. அடுத்த மாதம் ஊருக்கு வந்து அதைக் கொழுந்தனார் பெயரில் எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

அந்த வாரம் ஓய்வுபெற்ற பயாலஜி டீச்சர் ஒருவர் முடிக்குச் சாயம் பூச வந்தார். சாயம் பிடிக்க அரைமணி நேரம் ஆகும். அதுவரை சின்னவள் கொடியிடம் போய் ஒரு குச்சியை நறுக்கினாள். வெட்டிய இடத்தில் பால் வடிந்தது. அடுத்ததற்குக் கத்தரியைக் கொண்டுபோனபோது டீச்சர் தலையில் சாயத்தோடு எழுந்தே வந்துவிட்டார்.

"கையை எடும்மா. அது பூக்காம்பு."

ஹோயா என்று பெயர் சொன்னார், மெழுகுப்பூ என்றும் சொல்வார்களாம். தடித்த இலையும் வடியும் பாலும் பார்த்தாலே தெரிகிறதே, நம் எருக்குக்குத் தூரத்துச் சொந்தம் என்றார். இந்த மொட்டைக் காம்பின் நுனியில்தான் கொத்தாகப் பூக்கும். பூ உதிர்ந்த பிறகும் காம்பை வெட்டக் கூடாது, மறுபடி அதே காம்பில்தான் பூ வரும். எருக்கின் சொந்தத்துக்கா இத்தனை கிராக்கி என்று சின்னவளுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு தன் கையின்மேல் வந்தது. நான்கு வருடப் பூவையும் அவளே அல்லவா நறுக்கிக் குப்பையில் போட்டிருக்கிறாள்?

டீச்சர் தலையை அலசி அனுப்பிய பிறகுதான் கோபம் சரியான இடத்துக்குப் போனது. பதினோரு வருடம் பூத்ததைப் பார்த்த அக்காவுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? ஞாயிறுவரை காத்திருக்க முடியவில்லை, அப்போதே கூப்பிட்டாள்.

"பூ எங்கேர்ந்துக்கா வரும்?"

"இலைக்கு நடுவுலேர்ந்துதான். ஏன், வந்துடுச்சா?"

"நீட்டிக்கிட்டிருக்குற மொட்டைக் குச்சியை நீ என்ன பண்ணுவ?"

"வெட்டிடுவேன். வீட்டுல அசிங்கமா இருக்காதா?"

சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரே கடையில், ஒரே அப்பாவிடம் கத்தரி பிடிக்கக் கற்ற இரண்டு பேர். இவள் கை பரபரத்தால் அவள் கை சும்மா இருந்திருக்குமா?

"அந்தக் குச்சியிலதான் பூ வருமாம். அப்போ உன்கிட்ட அது ஒரு தடவைகூடப் பூக்கல. இல்லையாக்கா?"

அந்தப் பக்கம் பெரியவள் டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

"நாலு வருஷமா உன் பொய்க்குத்தான் நான் தண்ணி ஊத்தியிருக்கேன். கொழுந்தனாரை வேற வேலை பார்க்கச் சொல்லு."

பெரியவள் போனை வைக்கவில்லை. சின்னவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, அக்காவுக்குப் பேச்சு வராமல் போனது இதுதான் முதல் தடவை.