உப்புக் காற்று செய்யாத குற்றம்

மகளின் கல்யாணப் பத்திரிகை இன்று அச்சகத்துக்குப் போயாக வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தாலே 'வர்ச்சுவல் மெமரி போதவில்லை' என்று அது மூர்ச்சையாகிவிடும்.

"மரக்காணத்து உப்புக் காத்து இரும்பு மலையையே தின்னுடும், இதை விடுமா?" என்று ஒரு வாரமாக ஊருக்கே பிரசங்கம் செய்தேன்.

இன்று என் மனைவி செட்டிங்ஸைத் திறந்து பார்த்தாள். நினைவகம் நிரம்பினால் கைகொடுக்கும் வர்ச்சுவல் மெமரிக்கு நூற்றுக்கணக்கில் எம்.பி. இருக்க வேண்டிய கட்டத்தில் வெறும் 2.

"ஏங்க, உப்புக் காத்தா வந்து ரெண்டுன்னு டைப் அடிச்சிட்டுப் போச்சு?"

"நம்ம உப்பளத்துப் பாத்தியில தண்ணி கம்மியா விட்டா உப்பு சீக்கிரம் பூக்கும்ல? இதுவும் வேகமா ஓடும்னு நான்தான் கொறைச்சேன்..."

அவள் அந்த எண்ணை மாற்றி, ரீஸ்டார்ட் செய்தாள். பத்திரிகை திறந்தது. ஈரேழு உலகமும் மூச்சுவிட்டது.

உப்புக் காற்றிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் அது செய்யாத குற்றங்கள் என்னென்ன? இங்கேயே ஒப்புக்கொள்ளலாம்.